அச்சு அசலாக இன்னொருவன்

கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் தன் கணவனை ஒருமுறைகூட 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அதனால் அன்று காலை சமையலறை வாசலில் நின்றபடி அவள், "நீங்க டீ குடிப்பீங்களா?" என்று கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"என்ன டீச்சர், காலங்காத்தால மரியாதை தூள் பறக்குது?"

அவள் சிரிக்கவில்லை. டம்ளரை அவன் கையில் கொடுக்காமல் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கு வந்தால் கொடுப்போமே, அப்படி.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் வேலை. அங்கேதான் அவனைப் பிடித்தாள். பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தபடி இறங்குகிற ஆள், ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் கைகால் உதற உட்கார்ந்திருப்பான். டெஸ்ட்டில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டான். கடைசியில் அவளுக்குச் சந்தேகம் வந்து, "வேணும்னே ஃபெயில் ஆகுறியா?" என்று கேட்டாள். "முதல் தடவை நிஜமாவே. அப்புறம் எல்லாம் வேணும்னேதான்" என்றான். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் கடைசிவரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, ஆனால் கல்யாணம் நடந்துவிட்டது. அவளுக்கு அவன் 'லிஃப்டு'. அவனுக்கு அவள் 'டீச்சர்'. சொந்தப் பெயர்கள் இரண்டும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் பாங்கிக்கும் மட்டும்தான்.

அப்படிப்பட்டவள் ஏன் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்று அவன் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். ஏதாவது முக்கியமான நாளை மறந்துவிட்டோமா? இல்லை. அவளுடைய அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டோமா? எப்போதும் சொல்வதைத்தான் சொன்னான். அவன் குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது அவள் சத்தமில்லாமல் பின்னால் வந்து, அவன் காது மடலை மடக்கி அதன் பின்புறம் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். விரலால் தேய்த்தும் பார்த்தாள்.

"மச்சத்தைக்கூட விடல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க!"

யார் மெனக்கெட்டார்கள், எதற்கு என்று அவன் கேட்டான். அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு ஃபோன் அழைப்பில். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து அவன் ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பாக்கெட்டில் மணி அடித்தது.

"லிஃப்டு! அப்பாடா, எடுத்தியே! எங்கடா இருக்க?"

அந்த 'டா'வைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. "வேலையிலதான். என்ன டீச்சர், கோபம் எல்லாம் போச்சா?"

"உன்மேல எனக்கென்ன கோபம்? சொல்றதைக் கேளு. வீட்டுல ஒரு ஆளு இருக்கான். அச்சு அசலா உன்னை மாதிரியே இருக்கான். உன் சட்டையைப் போட்டுக்கறான், உன் கட்டில்ல படுத்துக்கறான், இருமினாக்கூட உன்னை மாதிரியே இருமறான். இன்னிக்குக் காலையில உன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருக்கான். அவன் வர்றதுக்குள்ள நீ வந்துடு. எனக்கு பயமா இருக்கு லிஃப்டு."

டிபன் பாக்ஸ் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். எத்தனையோ வருடம் அந்தரத்தில் வேலை பார்த்தும் தலை சுற்றாதவனுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலை சுற்றியது. பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இதோ வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கதவு சங்கிலியளவு திறந்தது. ஆவலோடு எட்டிப்பார்த்த அவள் முகம் அவனைக் கண்டதும் சப்பென்று விழுந்தது. "அவர் வந்துட்டே இருக்காரு. நீங்க அப்புறம் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அதே தெருமுனையில் சலூன் வைத்திருந்த அவள் அண்ணனிடம் போய் நின்றான். மச்சான் பேச்சுக்காரர், கத்திரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, சும்மா சுத்தி வளைக்காதீங்க. என் தங்கச்சிய அடிச்சீங்களா? இல்ல, வேற எவளாவது இருக்காளா?" என்றார்.

"என்கூட வாங்க மச்சான். நீங்களே பாருங்க."

மச்சான் உள்ளே போய்த் தங்கையோடு உட்கார்ந்தார். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கு ஃபோன் போட்டான். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் சிரிப்பது ஃபோனில் ஒரு காதுக்கும் கதவு வழியாக மறு காதுக்கும் கேட்டது. "அண்ணன் வந்திருக்கு. இரு, தர்றேன்" என்றாள். மச்சான் ஃபோனை வாங்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"ஃபோன் வந்ததும் அவ முகத்தைப் பார்க்கணுமே" என்றார். "கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி." அதற்குப்பின் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து சலூனின் பின்னறையில் படுத்துக்கொண்டான். மனநல மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தான். வயதில் சின்னவர், நிதானமான பெண்மணி.

"முகம் அவங்களுக்கு நல்லாவே தெரியுது. ஆனா அந்த முகத்தைப் பார்த்தா உள்ள பொங்கணும் இல்லையா, அது பொங்கல. 'என் புருஷனைப் பார்த்தா எனக்கு இப்படியா இருக்கும்? அப்போ இது அவர் இல்ல'ன்னு மனசு தானா கணக்குப் போட்டுக்குது. குரல் போற பாதை வேற. அதனால ஃபோன்ல நீங்க நீங்களாவே இருக்கீங்க. மருந்து இருக்கு. ஆனா அவங்க இங்க வரணும்."

வரத்தான் மாட்டேன் என்றாள். "எனக்கு என்ன பைத்தியமா? வீட்டுக்குள்ள புகுந்தவனை விட்டுட்டு என்னை டாக்டர்கிட்ட போகச் சொல்றியா?" என்று ஃபோனில் அவனிடமே சண்டை போட்டாள். வெளியூரில் வேலை, வரமுடியவில்லை என்று அவன் அளந்துகொண்டிருந்தான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

அந்த நாட்களில் அவள் ஃபோனில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றும் அவன் தலையில் இடியாக இறங்கியது. வேலையை விட்டுப் பல வாரங்கள் ஆகிவிட்டதாம். ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்ததும் அது என்ன நிறம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. பக்கத்தில் ஓட்டப் படிக்கிறவன், பின்னால் ஹாரன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்திருக்கிறாள். அதன்பிறகு தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறாள். அவனும் தினமும், "இன்னிக்கு எத்தனை பேரு சுவத்துல முட்டினாங்க?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான்.

"ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லல?"

"நேர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சுடா. நீ என்னைப் பெரிய இவளா நினைச்சுக்கிட்டு இருக்க."

அவள் அவ்வளவு மனம்விட்டுப் பேசி ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஃபோனில் இருப்பவனோடு கொஞ்சினாள், பாட்டு முணுமுணுத்தாள், எப்போ வருவே என்று ஏங்கினாள். பேசி வைத்ததும் அவனுக்குக் கொஞ்சநேரம் மிதப்பாக இருக்கும். பிறகு கசக்கும். ஃபோனில் இருக்கும் அந்த இன்னொருவன்மேல் தனக்குப் பொறாமை வருகிறது என்று தெரிந்தபோது, தனக்கும் கழன்றுவிட்டதோ என்று பயந்துபோனான்.

அந்த ஆற்றாமையில்தான் அவன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். குரல் தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தான். மருத்துவரைக் கேட்கவில்லை. மச்சானிடமும் சொல்லவில்லை. தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே போனான். அவள் துணிக்கு இஸ்திரி போடப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து ஃபோனும் காதுமாக நின்றிருந்தாள்.

"டீச்சர், இப்போ மெதுவா திரும்பிப் பாரு."

திரும்பினாள். அவன் உதட்டைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள். "நான்தான் டீச்சர்" என்றான். அந்தக் குரல் ஒரே நேரத்தில் அவன் வாயிலிருந்தும் அவள் கையிலிருந்தும் வந்தது.

அவள் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டது. "அவன் ஃபோனைப் புடுங்கிட்டீங்களா? அவன் குரலையும் எடுத்துக்கிட்டீங்களா? அவனை என்னய்யா பண்ணீங்க?"

இஸ்திரிப்பெட்டி பறந்து வந்ததை அவன் பார்க்கவில்லை. நல்லவேளை, சூடேறியிருக்கவில்லை. புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். ஆனால் அவனை உலுக்கியது அடி இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு, "லிஃப்டு, லிஃப்டு" என்று அழுதாள். செத்தவனுக்கு அழும் அழுகை. தன் சாவுக்குத் தன் மனைவி அழுவதை எதிரே நின்று, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். கிட்டே போய்த் தொடவும் முடியவில்லை.

சத்தம் கேட்டு மச்சான் ஓடிவந்தார். சவரக் கிரீம் பூசிய தூரிகை கையிலேயே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்கு எட்டாத தூரத்தில் அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"இங்க பாருங்கம்மா" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளை அவன் 'நீங்க' போட்டுப் பேசினான். "நீங்க சொல்றது சரிதான். நான் அவர் இல்ல."

அழுகை நின்றது. மச்சான் வாயைப் பிளந்தார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காரு. நீங்க உங்க அண்ணனோட போய் ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாருங்க, அவங்க சொல்றபடி அங்கேயே தங்குங்க. நான் இந்த வீட்டைவிட்டுப் போயிடறேன். அவரை அங்க அனுப்பி வைக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். போகிற போக்கில் கொடியிலிருந்த துண்டை எடுத்து அவன் பக்கம் போட்டு, "ரத்தத்தைத் துடைச்சுக்கோங்க. வேணும்னு அடிக்கல" என்றாள்.

அண்ணனும் தங்கையும் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு புருவத்தில் தையல் போட்டுக்கொள்ளப் போனான். எப்படி அடிபட்டது என்று கேட்ட நர்ஸிடம், லிஃப்ட் கதவு இடித்துவிட்டது என்றான்.

ஆஸ்பத்திரியில் மருந்து பிடிபடுவதற்குள் எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. முதலில் கொடுத்தது அவளை நாளெல்லாம் தூங்கவைத்தது. அடுத்தது கையை நடுங்கவைத்தது. அவன் தினமும் போனான். அறைக்குள் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவான். கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு திருப்பிக்கொள்வது குறைந்தது. பிறகு ஒருநாள் அவளே கதவைத் திறந்துகொண்டு வந்து, எதிரே நின்று, புருவத்துத் தழும்பை வெகுநேரம் பார்த்தாள்.

"இதை நான்தானே பண்ணேன்?"

அவன் தழும்பைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன், லிஃப்டு."

வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்க அவளுக்கு இன்னும் தயக்கமாக இருந்தது. பிடிக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. சங்கிலிக் கதவு, இஸ்திரிப்பெட்டி, தான் அழுத அழுகை எல்லாம் ஞாபகம் இருந்தது. சில நாள் வேலை முடிந்து அவன் வரும்போது அவள் கண் ஒரு கணம் அவன் முகத்தில் தடுக்கி நிற்கும். அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே காத்திருப்பான். அவள் "ம், வா" என்றதும்தான் உள்ளே வருவான். அந்தக் கொஞ்ச நேரம் இன்றைக்கும் அவனுக்குப் பழகவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இப்போதைக்கு வண்டி கிடையாது. உட்கார்ந்து சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு மட்டும். முதல்நாள் காலை பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தபோது அவள் திடீரென்று, "அந்த ஆளு நல்லவன்தான், இல்ல?" என்றாள்.

"எந்த ஆளு?"

"நம்ம வீட்டுல இருந்தானே. சொன்னபடி போயிட்டான். உன்னையும் அனுப்பி வச்சான்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்து சாப்பிட்டாளா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா என்று அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண் தெளிவாக இருந்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டியா? எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். ஆனா அன்னிக்கு அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பாவமா இருந்துச்சு. அது நிஜம்." பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னாள்: "மறுபடி வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. வந்தா ஃபோன்ல பேசி ஏமாத்தாத. நேரா அண்ணனைக் கூப்பிடு. நான் கத்துவேன், கடிப்பேன். காதுல போட்டுக்காத, கூட்டிட்டுப் போயிடு."

"சரி."

"சரின்னு வாய்ல சொன்னா பத்தாது. செய்யணும்."

"செய்யறேன் டீச்சர்."

பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியடித்தது. அவள் முண்டியடித்து முன்வாசலில் ஏறிக்கொண்டாள். அவன் வேலைக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். ஜன்னலுக்குள் அவள் உட்கார இடம் தேடுவதைப் பார்த்தபடி, எதிர்ப்பக்கம் தன் பஸ் வந்து போனதையும் கவனிக்காமல் அங்கேயே நின்றிருந்தான்.