வீட்டில் இல்லாத திராட்சை

மகன் ஜோயலின் முறிந்த கால் எலும்பு ஒன்றுகூட வேண்டுமென்று ரெபேக்காள் பொருத்தனை செய்தாளே, அங்கேதான் வாய் தவறியது. பைக்கிலிருந்து விழுந்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கோவளத்துச் சபையில் அன்று போதகர் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அழுத அழுகையில் இவளும், "எங்க வூட்டுத் திராட்சையில மொதல் குலைய ஒமக்கே படைக்கிறேன் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். சபை முழுக்க ஆமென் போட்டது.

வெளியே வந்ததும் கணவர் கிருபாகரன் கேட்டார். "நம்ம வூட்ல முருங்கதான கீது?"

கால் கூடிவிட்டது. சொன்ன வார்த்தை அப்படியே நின்றது. சிறுசேரி ஆபீஸ் ஒன்றில் துப்புரவு ஆட்களைக் கட்டி மேய்ப்பவள் அவள்; மேனேஜருக்கே அஞ்சமாட்டாள். ஆனால் ஜோயல் காலை லேசாகத் தேய்த்துவிட்டுக்கொண்டாலும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து காலைப் பார்ப்பாள். படைக்காமல் விட்டதற்குத்தான் வலிக்கிறது என்று நினைப்பாள்.

கன்று வாங்கி வாசலில் நட்டாள். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று இலைகளைப் பொசுக்கிவிட்டது. அடுத்த கன்றைப் பின்பக்கம், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே வைத்தாள். அங்கே காற்று எட்டவில்லை. கொடி மொட்டைமாடிப் பந்தல் வரை ஏறியது. ஆனால் இலை, இலை, வெறும் இலைதான். பண்டிகைகள் வெறுங்கையோடு போயின.

கிருபாகரன் கம்பம் பக்கம் லோடு ஏற்றப் போய்வரும் லாரிக்காரர். அங்கே திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கேட்டு வந்து சொன்னார். "குளிரு ஊர்ல பனிக்கு கொடி தானா தூங்கி எழுந்துக்குமாம். அப்பத்தான் காய்க்குமாம். நம்ம ஊர்ல ஏது குளிரு? வெட்டிவுட்டாத்தான் அதுக்குத் தூங்கி எழுந்த மாறி."

"நேர்ந்துவுட்ட கொடிங்க அது. அதுல கத்தி வெக்கிறதா?"

அதற்குமேல் பேசிப் பயனில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அவரே வெட்டிவிட்டார். திரும்பி வந்தவள் பந்தலில் வெறும் குச்சிகளைப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை; சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். குச்சிகள் துளிர்த்து, துளிரோடு கடுகு கடுகாய் மொட்டு எட்டிப்பார்த்த அன்றுதான், "இங்க வந்து பாருங்க" என்று வாய் திறந்தாள்.

காற்றைத் தடுத்த சுவர்களே ஈரத்தையும் பிடித்துவைத்தன. இலைகளில் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சை படர்ந்தது. இந்த முறை கத்தியை அவளே எடுத்தாள். அடர்ந்த இலைகளைக் கழித்து வெயில் விட்டாள். பல குலைகள் அழுகிப்போயின. ஒரே ஒரு குலை கறுத்துப் பழுத்தது.

சபையார் விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகையில் அதைப் பூசணிக்கும் வாழைத்தாருக்கும் நடுவே வைத்தபோது ரெபேக்காளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படைத்ததையெல்லாம் சபையில் ஏலம் விட்டபோது குலையை எடுத்த பக்கத்து வீட்டு சரோஜா ஒரு பழத்தை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா, புளி மாறி கீது?"

"இனிக்கணும்னு நான் வேண்டிக்கவே இல்லியே" என்றாள் ரெபேக்காள்.

அன்று சாயங்காலம் ஜோயல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் பைக்கை எடுத்தாலே பதறி வாசலுக்கு ஓடுகிறவள் இன்று ஓடவில்லை. உள்ளே பாயில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.