லேபிள் பின்பக்கம்

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் கேசட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது நம்மூர் டிவி கேம் பெட்டியில் நுழையாது. கேசட் அகலம், பெட்டியின் வாய் சிறிது. இரண்டுக்கும் நடுவே ஓர் அடாப்டர் வேண்டும். அதைத்தான் நானும் அக்காவும் ஆஸ்டின் டவுன் வீட்டில் இருபது முப்பதாகச் செய்தோம்.

ஹெப்பகோடி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அக்கா சால்டரிங் செய்த பிரிவை மூடிவிட்டார்கள். கார்மெண்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா ஓதிக்கொண்டே இருந்தாள். அடாப்டரை வாங்கும் கடையிலிருந்து சரக்கு திரும்பி வந்தால் தையல் மெஷினுக்குப் போகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

எங்களிடம் இருந்தது ஒரு குட்டி மேஜை. எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கேசட்டை நிறுத்தினோம். நான் என் இடது ஓரத்திலிருந்து கேசட்டின் உலோகப் பின்களை எண்ணிச் சொன்னேன். அவள் தன் இடது ஓரத்திலிருந்து அடாப்டர் போர்டில் வரைந்தாள். வீட்டு டிவி ரிப்பேரில் கிடந்ததால் மீட்டர் வைத்துச் சரிபார்த்தோம், அதையும் அதே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துதான்!

எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம், கடைக்காரர் செருகிப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. அக்காவின் முகம் சுண்டிப்போனது. கேசட்டை உருவி, முறைத்துப் பார்த்து, லேபிள் பின்பக்கம் போகும்படி திருப்பிச் செருகினாள். படம் வந்தது.

"சக்கத்தா, சூப்பரா வருதும்மா! ஆனா லேபிள் அந்தாண்ட பாக்குதே?"

"அப்பிடித்தான் சார் போடணும்."

அவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் அக்கா அழுதாள். "உன் இடது எனக்கு வலது. எல்லாம் திரும்பி வரப்போவுது பாருடா."

ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, லேபிள் முன்னால் தெரியும்படி ஒழுங்காகச் செய்து கொடுத்தோம்.

அவைதான் திரும்பி வந்தன. கடைக்காரரே பையோடு வீட்டுக்கு வந்து மேஜையில் கொட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். 

"இதெல்லாம் டூப்ளிகேட்டுன்னு கஸ்டமருங்க திட்றாங்கம்மா. ஒரிஜினல்ல லேபிள் பின்னாடி இருக்குமாம். பழைய மாதிரியே குடுங்க, எவ்ளோ செஞ்சாலும் எடுத்துக்கறேன்."

அவர் போனதும் அம்மா விடவில்லை. "சரக்கு திரும்பி வந்துடுச்சில்ல? திங்கக்கிழமை கார்மெண்ட்ஸுக்குப் போய்ப் பாத்துட்டு வா."

அக்கா சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டாள்.

"நேரமில்லம்மா. ஆர்டர் இருக்குது."