கடைசல் ஓடும் நேரம்

1. கொழும்பில் கடைவேலை செய்த அண்ணனைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள்.
2. அப்பா தேடிப்போன எந்த முகாமிலும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள்.
3. பொழுதுபோகாதபோது மட்டும் மரக்கிண்ணம் கடையும் அப்பா, அதன்பிறகு தினமும் கடைந்தார்.

இன்று எங்கள் பட்டறையில் யாரோ மரம் கடைந்தபோது எழுந்த கருகல் வாசனை, தொண்ணூறுகளில் டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே வீடுகளுக்கு நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமலும் சட்டி கழுவும் சத்தமும் அடுப்புப் புகையோடு சேர்ந்து மேலால் வந்துகொண்டே இருக்கும். பழைய தையல் மெஷினின் மிதியை வைத்து அப்பா செய்த கடைசல் இயந்திரம் கடகடவென்று ஓட, தேயிலைக் கட்டையை உளி கரகரவென்று சீவ, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள்.

"சத்தம் இருக்கப்பவே அழுதுரு புள்ள. வெளிய கேட்டா எழவு வீடுன்னு வந்து குந்திருவாங்க. அவன் உசுரோட இருக்கான்," என்பார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மாமா கேட்பார்: "என்னா மச்சான், லயத்துக்கே கிண்ணத்துல விருந்தா?"

"ஆமா மச்சான், வாழ எலைய மிச்சம் புடிக்கத்தான்!" என்று அப்பாவும் சிரிப்பார். கால் மட்டும் நிற்காது.

ஒருநாள் கட்டை தீர்ந்துபோனது. அம்மா அழுது முடிக்கவில்லை. அப்பா வெறும் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தார்.

பின்னாளில் லயத்தை இடித்துவிட்டார்கள். அப்பா இறந்தபோது அம்மா வாய்விட்டு அழுதாள். அண்ணனுக்காக இன்னும் அப்படி அழவில்லை. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.