கொஞ்சம் புகையத்தான் செய்யும்

நானும் என் வீட்டுக்காரரும் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நாத்தனாரின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், வாசலில் கட்ட வைத்திருந்த சீரியல் செட் வயரை எலி கடித்துவிட்டது.

“புதுசு வாங்கினா என்ன? எல்லாத்துக்கும் ஒனக்கு வீம்பு” என்றார் அவர். நானே ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஜைத்தூன், ஈயம் வைத்து வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கோலோடு வந்தாள். “சீரியல் செட் பிளக்கைப் பிடுங்கிட்டீகளாக்கா? ஜன்னலைத் தெறங்க. ரெண்டு முனையையும் முறுக்குங்க. மொதல்ல கோலை வச்சு வயரைச் சூடாக்கணும், அப்புறம் அதுல ஈயத்தை வைக்கணும்” என்றாள்.

வைத்தேன். ஈயம் உருகி, நூல்போல வெள்ளைப் புகை எழுந்தது.

“புகை” என்று கத்தினேன். மறுநொடி மாமியார், நாத்தனார், அவர், நான் எல்லோரும் தெருவில் நின்றோம். நான் போட்டுவிட்டு ஓடிய கோலை எடுத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஜைத்தூன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“ஏக்கா, ஈயம் வச்சா கொஞ்சம் புகையத்தான் செய்யும். உள்ள வாங்க.”

மாமியார் சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். புகையைக் கண்டால் எதையும் எடுக்காமல் வெறுங்கையோடு ஓட வேண்டும் என்பது கம்பெனியில் எங்களுக்கு ஊறிப்போன பாடம். அவர் செருப்புகூடப் போடவில்லை. ஆனால் என் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் பிடி தளரவில்லை.

“விடுங்க, இன்னொரு வயரு இருக்கு” என்றேன். உண்மையில், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.