வந்ததற்கு ஒரு ஒப்பு

சும்மா கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. இலவசக் கண் பரிசோதனை என்றால்கூட, என் கண்ணில் இவர்களுக்கு என்ன ஆதாயம் என்று யோசிக்கிற ஆள். வெளிநாட்டு டயர் கம்பெனி ஒன்று, திற்பரப்புப் பக்கத்து ரப்பர் விவசாயிகளைத் தக்கலையில் ஒரு மண்டபத்துக்கு அழைத்தபோது, போகவே கூடாது என்றிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரன்தான் விடவில்லை.

"வா மக்கா. அவனுவ இங்கிலீஷ்ல எதாவது பேசினா எனக்கு என்ன தெரியும்? நீ கூட இருந்தா தைரியம்."

அவனுக்கு அரை ஏக்கர். தானே மரத்தில் பால் வெட்டி, தானே ரப்பர் ஷீட் அடித்துப் பிழைக்கிறவன். வெளிநாட்டு ரப்பர் மலிவாக வந்து குவிந்தால் அவன் சரக்கை யார் சீண்டுவார்கள்? இறக்குமதி வரியைக் குறைத்தால் மரங்களை விறகுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

மண்டபத்தில் எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். பிரியாணியில் இவ்வளவு கறி எதற்கு? மழையில் பால் நனையாமலிருக்க மரத்தில் கட்டும் பிளாஸ்டிக்கை ஏன் சும்மா தருகிறார்கள்? பேசியவர் வரி என்ற சொல்லையே எடுக்கவில்லையே? கேள்வியெல்லாம் மனதுக்குள்தான். வாய் பிரியாணியில் இருந்தது.

வாசலில் ஒரு பெண் தாளை நீட்டினாள். "வந்ததுக்கு ஒரு ஒப்பு போடுங்க சார்."

எங்கள் ஊரில் கையெழுத்துக்கு ஒப்பு என்றுதான் பேச்சு. அவன் என் முகத்தைப் பார்த்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர், ஊர், கையெழுத்து, அவ்வளவுதான். "போடு, ஆஜர் எடுக்காங்க" என்றேன். நானும் போட்டேன்.

சில மாதங்களில் பேப்பரில் செய்தி வந்தது. இறக்குமதி வரியைக் குறைக்கச் சொல்லி அந்தக் கம்பெனி டெல்லியில் மனு கொடுத்திருக்கிறது. குமரி மாவட்ட விவசாயிகளும் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் அதில் இணைக்கப்பட்டிருக்கிறதாம். வந்ததற்குப் போட்ட ஒப்பு, வரிக் குறைப்புக்கு ஒப்புதலாகிவிட்டது. இப்போதெல்லாம் எந்த இரண்டு நாடுகள் வரி பற்றிப் பேச உட்கார்ந்தாலும், மேஜைக்கு அடியில் எந்தக் கம்பெனியின் கால் தெரிகிறது என்றுதான் பார்க்கிறேன்.

செய்தி வந்த அன்று மாலையே அவன் பேப்பரோடு வந்தான்.

"நம்ம ஒப்பும் இதுல உண்டா?"

"இருக்கும்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"எனக்கு விவரம் பத்தாது, ஏமாந்துட்டேன். நீ அப்படி ஏமாறுற ஆளில்லியே. உள்ளதச் சொல்லு மக்கா, அவனுவ உனக்குத் தனியா என்ன தந்தானுவ?"