சின்ன ர விழுந்த இடம்

டைப் அக்கா காலடிப் பெடலை அழுத்திப் பதிவிலிருந்த பேச்சை நான்கு நொடி பின்னால் இழுத்தார். ஹெட்போனில் மறுபடியும் அதே இருமல். 'இருமுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் அடித்தார். சின்ன மௌனத்துக்கு மூன்று புள்ளி, பெரிய மௌனத்துக்கு ஆறு. பேசியவர் 'ம்' என்றால் 'ம்'. 'ம்ம்' என்றால் 'ம்ம்'. ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

"நான் எழுதுறவ இல்லம்மா, கேக்குறவ" என்பார், யார் கேட்டாலும்.

ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்து வரும் பேட்டிகளை எழுத்தாக்குவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் பேச்சுல பாதி ஆறு புள்ளிதான்" என்பார், அலுப்பே இல்லாமல்.

இந்த முறை அவரைக் குழப்பியது கவிதை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் பேட்டியை நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்திருந்தார். ஆய்வு மாணவி அதைப் பதினான்கு வரிகளாக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நான் ஒரு வார்த்தகூடச் சேக்கலக்கா. எல்லாம் அவங்க சொன்னது. வெட்டி அடுக்கினேன், அவ்வளவுதான்."

"அப்ப மீதிப் பக்கமெல்லாம் யார் சொன்னது?"

மாணவி சிரித்தாள். அக்கா நிஜமாகவே கேட்டிருந்தார்.

கடைசி மூன்று வரிகள் இப்படி இருந்தன:

வெளிச்சத்துல பாப்பேன்.
கரை தெரியும்.
மறுபடி தண்ணிக்குள்ள.

அக்கா அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார். கரையைக் கண்ட பிறகும் தண்ணீருக்கே திரும்பும் பிழைப்பு! மறுகணம் சுருக்கென்றது. சலவைக்கூடத்தில் ஏது கரை? ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டார். அதற்கு முந்தைய பேச்சு படுக்கை விரிப்பில் காய்ந்துபோன ரத்தத்தைப் பற்றியது. அது கறை. பெரிய ற வரவேண்டிய இடத்தில் அவர் விரலிலிருந்து சின்ன ர விழுந்திருந்தது.

சொன்னதும் மாணவியின் முகம் விழுந்துவிட்டது. கவிதையின் தலைப்பே 'கரை'. மாலையில் அது ஆய்வுக் கண்காட்சியின் சுவரில் ஏற வேண்டும். ஒப்புதல் கையெழுத்துப் போட அந்தச் சலவைக்கூடத்து அம்மா படியேறி வந்துகொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் மாணவி வேறு வழியில்லாமல் வாசித்துக் காட்டினாள்.

"அட, அப்படியே நான் சொன்னது! பேனா குடு, கண்ணு."

காதுக்கு இரண்டும் ஒன்றுதானே. மாணவி பேனாவை நீட்டிவிட்டாள். அக்கா குறுக்கே கையை வைத்தார்.

"போடாதீங்கம்மா. தப்பு என்னோடது. நீங்க சொன்னது துணியில படியுற கறை. நான் ஆத்தங்கரைன்னு அடிச்சிட்டேன்."

"ஆத்தங்கரையா?" அந்தம்மா மாணவி பக்கம் திரும்பினார். "இன்னொரு வாட்டி படி."

படித்தாள். அதே வரிகள், அதே ஒலி. இந்தத் தடவை அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அழுக்கைத்தான் சொன்னேன். இப்பக் கேட்டா இதையும் நான்தான் சொல்லியிருப்பேன் போல இருக்கு."

"அன்னைக்குச் சொன்னதுதான் பதிவு," என்றார் அக்கா.

"அவங்க வாழ்க்கை. அவங்கதான் முடிவு பண்ணணும்," என்றாள் மாணவி.

"நல்லா இருக்கே நியாயம்! ரெண்டு ரவுக்கும் பள்ளிக்கூடத்துல அடி வாங்கினவ நான். என்னைப் போய்க் கேக்குறீங்களே!"

அக்கா கணினியில் கவிதையைத் திறந்து, 'ரை'யை அழித்துவிட்டுக் காத்திருந்தார். நடுவரியில் 'க' மட்டும் தனியாக நின்றது. அந்தம்மா மூன்று வரிகளையும் உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, தீர்மானமாக, அந்தச் சொல்லைச் சொன்னார்.

"எதும்மா?" என்றார் அக்கா.

"அதான் சொல்றேனே!" அதே சொல்லை இன்னும் நிறுத்தி, இன்னும் தெளிவாகச் சொன்னார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தம்மாவின் உதடுகளை உற்றுப் பார்த்தார்.