பன்னிரண்டைப் பதினாறாக ஓட்டிய நாட்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், நின்றுபோன மிஷினை ஓட வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினைத் திறந்தால் மட்டும் கம்பெனியே வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

1991-ல் நான் தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வந்த சர்வீஸ் இன்ஜினியர். தோள்பையில் ஒரு பக்கம் ஸ்க்ரூடிரைவர், மறுபக்கம் தயிர்சாதம். வந்து நிற்பது ஒரு பெண் என்பதால் வாட்ச்மேன்கள் என்னிடமே, இன்ஜினியர் எப்போது வருவார் என்று கேட்பார்கள்.

இப்போது ஓவர்க்ளாக்கிங் என்கிறார்களே, அதை அன்று நாங்கள் 'கிரிஸ்டல் மாத்துறது' என்போம். கம்ப்யூட்டருக்குள் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு உலோக டப்பி இருக்கும். அது தாளம் போடும், பிராசஸர் அதற்கேற்ப வேலை செய்யும். வேகமான டப்பியை வைத்தால் வேலையும் வேகமாக நடக்கும். பிராசஸர் தாங்கினால் நாம் கெட்டிக்காரர். தாங்காவிட்டால் என்ன பெயர் கிடைக்கும் என்று, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாலு மணி லாரி

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில், தகடு அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று. மேனேஜர் சங்கரபாண்டியன் திருநெல்வேலிக்காரர். சரக்கு மறைமலை நகரில் இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போகும். ஒவ்வொரு லோடோடும் ஒரு ரிப்போர்ட் போயாக வேண்டும். அன்று அடித்த பாகங்களில் சிலவற்றை அளந்து, அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டு அச்சடித்த தாள் அது. மூன்று மணிக்கு அளந்து முடித்ததும் அளவுகளை ஏற்றப் பத்து நிமிஷம், பிறகு அவர்களிடம் இருந்த பழைய 286 மாடல் கம்ப்யூட்டர் கணக்குக்கு ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். லாரி நாலேகாலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வரை கவலையில்லை. அடுத்த மாதத்திலிருந்து நாலு மணிக்கே கிளம்பியாக வேண்டும், பிந்திய சரக்கை கேட்டிலேயே திருப்பி அனுப்புவோம் என்று அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது.

புது மிஷின் கேட்டதற்கு மெட்ராஸ் ஹெட் ஆபீஸ், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது. நான் கிரிஸ்டல் விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் பிராசஸரைப் பதினாறில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அதைத் தயாரித்த கம்பெனி பன்னிரண்டுக்குத்தான் பொறுப்பு, சமயத்தில் எரிந்தும் போகும் என்று மறைக்காமல் சொன்னேன். சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு சொன்னார்: "எம்மா, எரிஞ்சா புதுசு வாங்கித்தான ஆகணும். அப்ப ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம்."

கூர் மூலை

மெட்ராஸில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மூன்று டப்பிகள் வாங்கிக்கொண்டு போனேன். அந்த மிஷினைக் கையாண்டது டெய்சி. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள், விசைப்பலகையைப் பார்க்காமலே எண்களை அடிப்பாள். 24 என்று எழுதியிருந்த பழைய டப்பியைப் பிடுங்கிவிட்டு 32 என்று எழுதியிருந்ததை வைத்தேன். பிராசஸர் ஓடுவது அதில் பாதி வேகத்தில்.

சுவிட்ச் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. 'பீப்' சத்தம்கூட இல்லை. பவர் சப்ளையைப் பார்த்தேன், டிஸ்பிளே கார்டைக் கழற்றி மாட்டினேன், கேபிள்களைத் துடைத்தேன். இரண்டு மணி நேரம் போயிற்று. பிராசஸரைக் கொன்றுவிட்டேன் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். டெய்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, பழைய டப்பியில ஒரு மூலை மட்டும் கூரா இருந்துச்சு, அது சன்னல் பக்கம் பாத்துக்கினு இருந்துச்சு. இது செவத்தப் பாத்துக்கினு கீது."

முகப்பில் ஒரு எண்

டப்பியை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு அந்தக் கூர் மூலைதான் அடையாளம்; பக்கம் மாற்றி வைத்த டப்பி சூடேறிச் செத்துப்போயிருந்தது. இரண்டாவதைச் சரியான பக்கமாக வைத்ததும் மிஷின் 'பீப்' என்றது. மூன்று வருஷம் டிப்ளமா படித்த என் காதுக்கு அதைவிட நல்ல சங்கீதம் கிடைத்ததில்லை. கணக்கு நாற்பது நிமிஷத்துக்குள் வந்தது. சங்கரபாண்டியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மிஷின் முகப்பில் சிவப்பாக எரிந்த 12 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் பன்னிரண்டில்தானே ஓடுகிறது என்றார்.

அந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளே சில சின்ன ஊசிகளை மாற்றிச் செருகினால் 99 என்றுகூடக் காட்டும். விளக்கிச் சொன்னேன், அவர் முகம் தெளியவில்லை. ஊசிகளை மாற்றி 16 என்று எரியவிட்டேன். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதாம்மா வேகமா ஓடுத மாதிரி இருக்கு."

ரெண்டு மணிக் காய்ச்சல்

சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைதான். காலையில் ஒழுங்காக ஓடிய மிஷின் இரண்டு மணி வாக்கில் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். அடுத்த மூன்று நாளும் இதே கதை. ரிப்போர்ட் போட வேண்டிய நேரமோ மூன்று மணி. அந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூடியைத் திறந்து பிராசஸரில் விரலை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் போர்மேன் தசரதன் எட்டிப் பார்த்தார். வல்லம் வடகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், அவர் கைபடாத இயந்திரம் அந்தக் கம்பெனியில் இல்லை. எங்கே சுடுகிறது என்று கேட்டு, தானும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அரை மணியில் ஒரு அலுமினியத் துண்டோடு வந்தார். அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக வெட்டியிருந்தார், அடிப்பாகம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. டிரான்சிஸ்டருக்குத் தடவும் வெள்ளைப் பசையைத் தடவி அதைப் பிராசஸர் மேல் உட்கார வைத்து, ஒரு சின்ன விசிறியையும் அதைப் பார்த்துத் திருப்பி மாட்டினோம். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று, மிஷின் நிற்கவில்லை. நான் நன்றி சொன்னதைத் தசரதன் கண்டுகொள்ளவே இல்லை. "எங்க தகடு அடிக்கிற டைக்கு எண்ணெ வுட்டுக்கினே இருக்கறோம். இதுக்கு ஒண்ணும் வுடாம ஓட்டுனா அது இன்னா மேடம் பண்ணும், கோவிச்சிக்கினு நிக்கத்தான் செய்யும்."

எழும்பி நின்ற சில்லுகள்

அடுத்தது மெமரி. ஓடிக்கொண்டே இருக்கும்போது மெமரியில் பிழை என்று சொல்லும் 'பாரிட்டி எரர்' என்ற ஒரு வரி திரையில் வரும், மொத்தமும் நின்றுபோகும். பழைய மெமரி சில்லுகளால் புது வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்து, வேகமான சில்லுகள் வாங்கி முப்பத்தாறையும் மாற்றினேன். கணக்கு முப்பத்துநாலு நிமிஷத்துக்கு இறங்கியது. இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் அதே எரர் திரும்பி வந்தது.

மிஷின் நின்ற நேரத்தையெல்லாம் டெய்சி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தசரதன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பெரிய பிரஸ் ஓடுகிற நேரம் என்றார். அந்த பிரஸ் ஒருமுறை இறங்கினால் எங்கள் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் அதிரும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அதிர்விலும் சூட்டிலும் சில்லுகள் தங்கள் குழிகளிலிருந்து மயிரிழை மயிரிழையாக எழும்பி நின்றன. கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினேன், 'கடக், கடக்' என்று உட்கார்ந்தன. பாதியில் எனக்கு விரல் வலிக்க, மீதியை டெய்சி அழுத்தினாள். மேஜைக் கால்களுக்கு அடியில் தசரதன் கனமான ரப்பர் வைத்தார். அதன் பிறகு அந்த எரரை நான் பார்க்கவில்லை. கடைசிச் சில்லை அழுத்திவிட்டு டெய்சி சொன்னாள்: "டைப் அடிக்கிற மாதிரிதான்க்கா, எல்லாக் கீயையும் ஒருதரம் அமுக்கியாச்சு."

யார் மேல் தப்பு

புது நேரம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். ரிப்போர்ட் முப்பத்துநாலு நிமிஷத்தில் வந்தது. ஆனால் அதில் ஒரு துளையின் அளவு, எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. பல மாதமாக அந்தத் துளையில் தவறு வந்ததே இல்லை. அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேகம் கூட்டினதில் மிஷினுக்குக் கணக்கு தப்புகிறது என்று யாரோ சொல்ல, சங்கரபாண்டியன் மறுக்கவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான். மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டரோடு வாழ்ந்துவிடலாம், தப்பாகக் கணக்குப் போடுகிறதோடு முடியாது. அந்தத் தாளை நம்பி ஒருவன் ஓட்டும் வண்டியில் அந்தப் பாகம் போய் உட்காரும்.

பழைய டப்பியை எடுத்து மறுபடி மாட்டினேன். அதே அளவுகள், பழைய வேகம், ஐம்பது நிமிஷம். யாரும் உட்காரவில்லை. பிரிண்டர் தலை இடமும் வலமும் ஓடி அந்த வரியை அடித்தபோது டெய்சி முதலில் படித்தாள். அதே எண். கடைசி இலக்கம் வரை அதே எண்.

தசரதன் பிரஸ் ஷாப்புக்கு ஓடினார். துளை போடும் பஞ்ச்சின் ஓரத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு. அன்றைய சரக்கை நிறுத்தினார்கள். சங்கரபாண்டியன் மறைமலை நகருக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லி ஒரு நாள் தவணை கேட்டார், கொடுத்தார்கள். போனை வைத்துவிட்டு என் பக்கம் வந்து, அந்த 32 டப்பியைத் தானே எடுத்து என் கையில் வைத்தார், திரும்ப மாட்டச் சொல்லி.

மறுநாள் பஞ்ச் மாற்றி அடித்த சரக்கு. மூன்று மணிக்கு டெய்சி உட்கார்ந்தாள், மூன்றே முக்காலுக்கு முன்பே தாள் தசரதன் கைக்குப் போய்விட்டது. அவர் தாளைப் பார்த்தார், வெளியே நின்ற லாரியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "இன்னா டெய்சிம்மா, பேப்பர் வந்துட்ச்சி, எங்காளுங்க இன்னும் பாதி லோடுகூட ஏத்தல."

பன்னிரண்டை வெற்றிகரமாகப் பதினாறாக ஓட்டியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை மெதுவாக ஓடிய அத்தனை கம்ப்யூட்டர்களையும் வந்து பார்க்கச் சொல்லி வந்த அழைப்புகள்தான்.